155 பஸ்ஸின் மற்றப் பக்கம்

அந்தப் புத்தகத்தை நாங்கள் வாங்கியது கொழும்பைப் பார்ப்பதற்காக இல்லை. இங்கிலிஷ் பழகுவதற்காக.

முதலாம் வருசத்தில் ஆங்கிலம் படிப்பித்த மிஸ், "ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் வாசியுங்கோ, என்ன புத்தகம் எண்டாலும் பரவாயில்லை" என்று சொன்னா. மருதானையில் வரிசையாக இருக்கிற பழைய புத்தகக் கடைகளுக்குப் போனோம். நாவல்களைத் தூக்கிப் பார்த்தால் பயமாக இருந்தது. கடைசியில் அகப்பட்டது அட்டை கிழிந்த ஒரு பயண வழிகாட்டி. வெளிநாட்டுக்காரருக்காக எழுதிய இலங்கை வழிகாட்டி. 2006இல் அச்சானது. பந்திகள் சின்னன், இடைக்கிடை வரைபடம், தெரிந்த ஊர்ப்பெயர்கள் வேறு வரும். ஐந்து பேர் காசு போட்டு வாங்கினோம்.

ஐந்து பேர் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு பேர், மன்னார்க்காரி, ஹட்டன்காரன், பிறகு கொழும்புக்காரி. பெயர்கள் வேண்டாம் என்று எல்லாருமாகச் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறோம். அதற்குக் காரணம் பிறகு விளங்கும்.

எங்களில் நான்கு பேருக்குக் கொழும்பு என்றால் ஒரு நேர்கோடு. வெள்ளவத்தையில் போடிங், காலி வீதி, பம்பலப்பிட்டி, கம்பஸ். ஊருக்குப் போகிற நாளில் மட்டும் அந்தக் கோடு புறக்கோட்டை வரை நீளும். பஸ் ஏறியதும் திரும்பவும் சுருங்கிவிடும். இரண்டு வருசம் இப்படித்தான் ஓடியது. இடம் தெரியாததால் மட்டுமில்லை. வீட்டிலிருந்து வருகிற ஒவ்வொரு கோலும் "ஐசி கையில இருக்கா? இருட்ட முதல் போடிங்குக்குப் போயிட்டியா? தேவையில்லாத இடங்களுக்குப் போகாத" என்றுதான் முடியும்.

அம்மா அப்பாமாரைக் குறைசொல்ல முடியாது. அவர்களுக்குத் தெரிந்த கொழும்பு வேறு. லொட்ஜில் தங்கப் பொலிஸ் பதிவு தேவைப்பட்ட கொழும்பு. 2007 ஜூன் 7 அதிகாலையில் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. நாங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். எங்களுக்கு அந்தக் காலம் ஞாபகமில்லை, ஆனால் அந்தப் பயம் மட்டும் பத்திரமாக எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

புத்தகத்தில் நாங்கள் முதலில் தேடிப் பார்த்தது எங்கட ஊர்களைத்தான். காலிக்கும் கண்டிக்கும் பக்கம் பக்கமாக இருந்தது. வடக்குக்குக் கொஞ்சப் பக்கம், அதிலும் பாதி எச்சரிக்கை. நிலைமை மோசம், போகவேண்டாம், போவதென்றால் தூதரகத்திடம் கேட்டுவிட்டுப் போங்கள். ஹட்டனுக்கு சிவனொளிபாத மலைக்கு இறங்குகிற ஸ்டேசன் என்பதைத் தவிர வேறு அடையாளமில்லை. லயத்தில் ஆட்கள் இருப்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு கொஞ்சம் கோபமும் வந்தது. "நாங்க பிறந்து வளந்த இடத்தை இவன் 'போகாத' எண்டு ரெண்டு வரியில முடிச்சிட்டான்" என்று மன்னார்க்காரி சொன்னாள். இந்த வசனத்தைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைகளில் நடக்கத் தொடங்கினோம். சட்டம் ஒன்றுதான். புத்தகத்தில் கால் பக்கத்துக்குக் குறைவாக எழுதப்பட்ட இடங்களுக்கு மட்டும் போவது. காலிமுகத்திடல், கங்காராமை எல்லாம் விலக்கு. கொழும்புக்காரி மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டுச் சொல்லி வராமல் விடுவாள். "எனக்கும் ஒண்ணும் தெரியாதுடி, நீங்க போயிட்டு வந்து சொல்லுங்க."

முதலில் போனது கொம்பனித்தெருவுக்கு. புத்தகம் அதை ஸ்லேவ் ஐலண்ட், அதாவது அடிமைகளின் தீவு என்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் பேரை வாவியின் தண்ணீர் சூழ்ந்த அந்த நிலத்தில் அடிமைகளை அடைத்து வைத்திருந்தார்கள். நாங்கள் சொல்லுகிற பெயரில் அடிமை இல்லை, கொம்பனிதான் இருக்கிறது. சிங்களத்திலும் அப்படித்தான், கொம்பஞ்ஞவீதிய. ஒரே இடத்துக்கு ஆங்கிலம் அடிமையின் பெயரை வைத்திருந்தது, நாங்கள் கொம்பனியின் பெயரை வைத்திருக்கிறோம். வாவிக்கரையில் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு இதைப் பற்றி அரை மணித்தியாலம் சண்டை பிடித்தோம். முடிவு வரவில்லை.

ஜாவா லேன், மலே வீதி, ரைஃபிள் வீதி என்று தெருப்பெயர்களை வாசித்துக்கொண்டு போனால் ஒரு சரித்திரப் பாடமே நடக்கும். ஒல்லாந்தர் கொண்டுவந்து இறக்கிய மலாய்க்காரரின் பிள்ளைகள் பிறகு பிரித்தானியரின் ரைஃபிள் படையில் சேர்ந்தார்கள். அந்தப் படையின் பெயர் தெருவில் மிஞ்சியிருக்கிறது. ஒரு சின்னக் கடையில் பிட்டும் பாபத்தும் கிடைத்தது. பாபத் என்பது மலாய்க்காரர் சமைக்கிற மாட்டுக் குடல் கறி. ஹட்டன்காரன் இரண்டு தட்டுச் சாப்பிட்டான். யாழ்ப்பாணத்து இரண்டும் பிட்டை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "எங்கட பிட்டு மாதிரி வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தன. கியூ வீதிப் பக்கம் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் கோபுரம் நிற்கிறது. அதற்கு மேலாக எங்கே பார்த்தாலும் கண்ணாடிக் கட்டடங்கள். புத்தகத்தின் வரைபடத்தில் வீடுகள் நெருக்கமாக இருந்த இடங்கள் சிலவற்றில் இப்போது தகரவேலிதான் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை புறக்கோட்டை. ஊருக்குப் போக எத்தனையோ தரம் பை தூக்கிக்கொண்டு ஓடிய இடம். ஆனால் நின்று பார்த்ததில்லை. அதன் ஆங்கிலப் பெயர் பெட்டா. அது எங்கட 'பேட்டை'தான். வெள்ளைக்காரர் தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டார்கள். நாங்களோ அந்தச் சொல்லை விட்டுவிட்டு, கோட்டைக்கு வெளியே இருப்பதென்று புறக்கோட்டை என்கிறோம். செட்டியார் தெருவில் நகைக்கடைகளுக்கு நடுவில் பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் இருக்கின்றன. ஆடி மாதத்தில் வேல் இங்கிருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் போகிறது. பம்பலப்பிட்டியில் வேல் பார்த்த நாங்கள், அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அங்கிருந்து மேட்டில் ஏறினால் வுல்வெண்டால் தேவாலயம். 1749இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தது. சுவர் அகலம் கோட்டைச் சுவர் மாதிரி. நிலத்தில் ஆளுநர்களின் கல்லறைக் கற்கள். அந்தப் பெயருக்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று அர்த்தம். இலங்கையில் ஏது ஓநாய்? அந்தக் காலத்தில் அது ஊருக்கு வெளியே பற்றைக்காடு. அங்கே திரிந்த நரிகளைப் பார்த்து ஓநாய் என்று நினைத்துப் பெயர் வைத்தார்களாம். பயந்தவன் பெயர் வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று பகிடி விட்டோம். அந்தப் பகிடி எங்கள் பக்கம் திரும்ப ஒரு கிழமைகூட எடுக்கவில்லை.

இந்த நடைகளில் ஒரு விசயம் கவனித்தோம். கையில் அந்தப் புத்தகம் இருந்தால் எங்களுக்குப் பயம் வருவதில்லை. யாராவது முறைத்துப் பார்த்தால் புத்தகத்தை விரித்துவிடுவோம். உடனே நாங்கள் சந்தேகத்துக்குரிய ஆட்களாக இல்லாமல், வழி தெரியாத சுற்றுலாப் பயணிகளாக மாறிவிடுவோம். ஓட்டோக்காரர் இங்கிலிஷில் கதைப்பார். காவலாளி கதவைத் திறந்துவிடுவார். சொந்த நாட்டின் தலைநகரத்தில் வெளிநாட்டுக்காரர் மாதிரி நடந்தால்தான் நிம்மதியாக நடக்கலாம் என்பது சிரிப்பதற்கா அழுவதற்கா என்று தெரியவில்லை. அந்த வசதி எங்களுக்குப் பழகிவிட்டது.

அடுத்தது எங்கே என்று கன்டீனில் பிளேன்ரீயோடு இருந்து புத்தகத்தைப் புரட்டினோம். வரைபடம் வுல்வெண்டாலோடு முடிகிறது. அதற்கு வடக்கே கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, கிராண்ட்பாஸ், முகத்துவாரம், மட்டக்குளி எல்லாம் ஓர் அம்புக்குறிக்குள். அவற்றுக்கு இரண்டே வரி. பார்ப்பதற்கு அதிகம் இல்லை, குடியிருப்புகள் நெரிசலானவை, இருட்டிய பின் நடமாட வேண்டாம். ஹட்டன்காரன் அதைச் சத்தமாக வாசித்துத் தமிழாக்கினான். "அப்ப அது வேண்டாம்" என்றாள் மன்னார்க்காரி. எங்களில் ஒருத்தி, "அந்தப் பக்கம் எல்லாம் குடுக்காரர்தானாம். எங்கட மாமாவும் சொன்னவர், அங்கால போகவேண்டாம் எண்டு" என்றாள். எல்லாரும் தலையாட்டினோம். பக்கத்தைத் திருப்பினோம்.

கொழும்புக்காரி ஒன்றும் சொல்லவில்லை. பிளேன்ரீயைக் குடித்து முடித்தாள், பையை எடுத்தாள், லெக்சர் இருக்கு என்று எழும்பிப் போனாள். அந்த நேரம் லெக்சர் இல்லை.

நான்கு நாள் எங்களோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் கம்பஸ் வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தானாகவே வந்தாள். எப்போதும் போல காலி வீதிப் பக்கம் போகிற 155 வந்தது. ஏறினோம். பம்பலப்பிட்டியில் அவள் எழும்பினாள். வழமையாக அங்கேதான் இறங்குவாள். மாமி வீடு அங்கே என்று சொல்லியிருந்தாள். "இறங்குங்க" என்றாள். இறங்கினோம். வீதியைக் கடந்து எதிர்ப்பக்கத் தரிப்பிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு 155 வந்தது. பலகையில் மட்டக்குளி.

"இதுதான் நான் வீட்டுக்குப் போற பஸ். டெய்லி உங்களோட இங்க வரைக்கும் வந்து, இறங்கி, திரும்பக் கம்பஸைத் தாண்டித்தான் போறேன். கொட்டாஞ்சேனைக்கு. ரெண்டு வருசமா."

எங்களுக்கு வாய் வரவில்லை. யாரோ "ஏன்டி?" என்று கேட்டோம். எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி.

"ஏன்னா? முதல் நாள் எல்லாரும் எங்க இருக்கீங்கன்னு கேட்டீங்க. நான் கொழும்பு பதிமூணுன்னு சொன்னேன். நீங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்தீங்க. மறந்துபோச்சா? அதுக்குப் பிறகுதான் மாமி வீட்டைச் சொன்னேன்."

எங்களுக்கு அது ஞாபகமே இல்லை. அவளுக்கு ஞாபகம் இருந்தது.

பஸ் ஓடியது. கம்பஸைத் தாண்டியது. இரண்டு வருசமாக எங்கள் கண்ணுக்கு முன்னால் ஓடிய அதே இலக்க பஸ். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் நாங்கள் ஏறியிருக்கிறோம். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். பாடசாலையிலும் இப்படித்தானாம். விலாசத்தைப் பார்த்துவிட்டு டீச்சர்மார் குரலை மாற்றுவார்களாம். பகுதிநேர வேலைக்கு நேர்முகத்துக்குப் போனால் விலாசம் எழுதுகிற இடத்தில் கை நிற்குமாம். இரவில் ஓட்டோக்காரர் பாதி வழியில் இறக்கிவிடுவாராம். "யாழ்ப்பாணத்தைப் பத்தி அந்தப் புத்தகத்துல போட்டிருக்கிறதைப் பார்த்துக் கோவப்பட்டீங்கதானே. எங்க ஏரியாவைப் பத்திப் போட்டிருக்கிறதை மட்டும் நம்பிட்டீங்க."

மன்னார்க்காரி அழுதாள். மற்ற மூன்று பேருக்கும் அதுகூட வரவில்லை.

கொச்சிக்கடையில் இறங்கி முதலில் அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் பையைத் திறந்து காட்டவேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடம். அவர்கள் வீடு நடந்து போகிற தூரம். சத்தம் கேட்டதாம். "பார்க்க ஒண்ணும் இல்லைன்னு புத்தகம் போட்டிருக்கில்ல? அந்த ஒரு வாரம் உலகமே இங்க வந்து பார்த்தது. அப்புறம் போயிட்டாங்க." செவ்வாய்க்கிழமைகளில் இங்கே சைவக்காரரும் பௌத்தரும் மெழுகுதிரி ஏற்றுவார்கள். அவள் அம்மா சைவம், அவளும் சைவம், ஆனால் பரீட்சைக்கு முதல் நாள் இங்கேதான் வருவாளாம்.

கொஞ்சத் தூரத்தில் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். பொன்னம்பல முதலியார் 1857இல் கட்டியது. அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதை முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். உள்ளே போனால் கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் எடுக்கும். வெளியே வெயில் எரிந்தாலும் காலுக்குக் கீழே குளிர். இராமநாதனைப் பற்றி அரசறிவியல் பாடத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அவர் கட்டிய கோயில் எங்கே இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

பிறகு அவள் வீடு. முதலில் தோட்டத்தில் இருந்தார்கள். தோட்டம் என்றால் மரம் செடி இல்லை. ஒரு முடுக்குக்குள் நெருக்கமாகக் கட்டிய வீடுகளைக் கொழும்பில் அப்படித்தான் சொல்வார்கள். சிங்களத்தில் வத்தை. நகரத்தை அழகுபடுத்துகிறோம் என்று 2010க்குப் பிறகு பல தோட்டங்களை எடுத்தார்கள், சனத்தைத் தொடர்மாடிகளில் ஏற்றினார்கள். இவர்களுக்குக் கிடைத்தது ஒன்பதாம் மாடி. நானூறு சதுர அடி. லிஃப்ட் அன்றைக்கு வேலை செய்யவில்லை. ஏறினோம்.

அம்மா எங்களைக் கண்டதும் பதறிப்போய்க் கதிரைகளைத் துடைத்தா. "சொல்லாம கொள்ளாம கூட்டிட்டு வந்திருக்கா பாருங்க, ஒண்ணும் செய்யல" என்று சொல்லிக்கொண்டே இடியப்பமும் சொதியும் வைத்தா. தோட்டத்தில் இருந்தபோது வாசலில் வைத்து இடியப்பம் விற்றவவாம். விடிய ஐந்து மணிக்கே துறைமுகத்துக்குப் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு போவார்களாம். "ஒம்பதாம் மாடிக்கு யார் பிள்ள ஏறி வந்து இடியப்பம் வாங்குவா?" இப்போது ஒரு கடைக்குச் செய்து கொடுக்கிறா, பாதி விலைக்கு. தண்ணி வருது, பாத்ரூம் உள்ளுக்கே இருக்கு, மழைக்கு ஒழுகாது, அதெல்லாம் நல்லம் என்றும் சொன்னா. நாங்கள் வீடு பறிபோன கதை ஒன்றை எதிர்பார்த்துப் போயிருந்தோம். அவ எங்களுக்கு இரண்டையும் சொன்னா.

ஜன்னலால் பார்த்தால் துறைமுகத்தின் கிரேன்கள், அதற்கு அங்கால் கடல். ஹட்டன்காரன், "இந்த வியூவுக்கு ஹோட்டல்ல எவ்வளவு எடுப்பான் தெரியுமா?" என்றான். முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

கதைத்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தி, அந்தப் புத்தகம் பிழை என்று எழுதவேண்டும் என்றாள். அவள் தலையாட்டினாள். "புத்தகத்துல மட்டுமா எழுதியிருக்கு? உங்க மாமா வாயில, உங்க அம்மா வாயில இருக்கே. அதை எங்க போய்த் திருத்துவீங்க? எங்க அம்மாவும் அப்படித்தான். நான் யாழ்ப்பாணம் போகப்போறேன்னு சொன்னா இப்பவும் வேணாம்னுதான் சொல்லுவா."

அவளுடைய அம்மா குசினியிலிருந்து, "ஆமா, அங்க இன்னும் பிரச்சினைதானே?" என்று கேட்டா. நாங்கள் எல்லாரும் ஒன்றாகச் சிரித்துவிட்டோம். பிறகு யாழ்ப்பாணத்து இருவரும் அவவுக்கு யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்கள். இந்த லீவுக்கு வாங்கோ என்று கூப்பிட்டார்கள். அவ வருவாவா என்று தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்தா, அவ்வளவுதான்.

பின்னேரம் திரும்பவும் 155 பிடித்து மட்டக்குளி வரை போனோம், பஸ்ஸின் கடைசித் தரிப்பிடம் வரை. வழியில் முகத்துவாரம். ஆங்கிலத்தில் மட்வால் என்று எழுதுகிறார்கள். வாய்க்குள் நாலு தரம் சொல்லிப் பார்த்தால் அது முகத்துவாரம்தான் என்று விளங்கும். களனி கங்கை கடலில் விழுகிற பக்கம். காக்கைத்தீவுக் கடற்கரையில் ஆட்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஐயா மாங்காய் வெட்டி உப்புத்தூள் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். ஆற்றுத் தண்ணி மண்ணிறமாகப் போய்க் கடலில் கலக்கிற இடம் தெளிவாகத் தெரிந்தது. இருட்டிவிட்டது. எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது. போடிங்கிலிருந்து கோல் வந்தபோது ஏழரை. அன்றைக்குப் புத்தகத்தை யாரும் எடுத்துக்கொண்டு வரவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதப்போகிறோம் என்று சொன்னபோது அவள் சில நிபந்தனைகள் போட்டாள். தொடர்மாடியின் பெயர் வரக்கூடாது. அம்மாவின் படம் வரக்கூடாது. "பாவம்" என்ற சொல் எங்கும் வரக்கூடாது. 'கொழும்பு 13இல் பார்க்கவேண்டிய பத்து இடங்கள்' என்று ஒரு பட்டியலும் எழுதியிருந்தோம். அதை அவள் முழுக்க வெட்டிவிட்டாள். "நீங்க போட்டா அடுத்த கிழமை கமெராவோட நாலு பேர் வந்து எங்க படியில நிப்பாங்க."

அதனால் பட்டியல் இல்லை. புத்தகம் இப்போது அவளிடம்தான் இருக்கிறது. அந்த இரண்டு வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருக்கிறாளாம், எங்களுக்குக் காட்டவில்லை. இப்போது அவள் பம்பலப்பிட்டிக்கு வருவதில்லை. பின்னேரம் கம்பஸ் வாசலில் நாங்கள் வீதிக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். எந்தப் பக்கத்து 155 முதலில் வருகிறது என்று பந்தயம் பிடிப்போம். அனேகமாக மட்டக்குளி பஸ்தான் முதலில் வரும். சில நாட்களில் நாங்களும் வீதியைக் கடந்து ஓடிப்போய் அதில் ஏறிவிடுவோம்.